“அம்மா நடிக்கிறாரா?”: மாத்திரைக்கு அப்பால் நரம்பு வலி

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு ராத்திரி தூங்க விடவில்லை. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன், முழங்கால் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது. எட்டு மாதம் முன்னால் இடது விலாவில் அக்கி வந்திருக்கிறது. கொப்புளம் ஆறிவிட்டது, தழும்புகூட மங்கிவிட்டது, வலி மட்டும் போகவில்லை. ரவிக்கை பட்டால் எரிகிறது, மின்விசிறிக் காற்று பட்டால் அழுகிறார். டாக்டர் கொடுத்த மாத்திரை ஓரளவுக்குக் கேட்கிறது, அளவைக் கூட்டினால் தலை சுற்றுகிறது. ‘மாத்திரை தவிர வேறு ஏதாவது செய்ய முடியுமா ஐயா’ என்று கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: ‘அம்மா நடிக்கிறார் என்று அண்ணன் சொல்கிறார்.’

என்னைத் தூங்க விடாதது அந்தக் கடைசி வரிதான். ஆனால் கேட்டதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும் அல்லவா.

பழைய பேச்சுகளைக் கேட்டவர்களுக்கு என் காலிங் பெல் கதை தெரியும். ‘மறுபடியும் பெல்லா’ என்று என் வீட்டம்மா உள்ளே முனகுவது மைக்கில் விழுந்தாலும் விழும், பரவாயில்லை. சத்துவாச்சாரியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஐப்பசி மழைக்கு ஸ்விட்சுக்குள் ஈரம் இறங்கிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு பெல் தானாக அடிக்கும். அடித்துப் பிடித்து எழுந்து போய்க் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு நாய்கூட இருக்காது. சரி, அந்த பெல் சத்தம் பொய்யா? இல்லை. காது கேட்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தூக்கம் போகிறது. சத்தம் நிஜம். வாசலில் ஆள் நிற்கிறான் என்பதுதான் பொய். நரம்பு வலி அப்படி. வலி நிஜம், விலாவில் புண் இருக்கிறது என்ற சேதிதான் பொய். ஒயரில் கோளாறு.

சின்ன வயதில் சின்னம்மை வந்து போகிறதே, அந்தக் கிருமி முழுதாக வெளியே போவதில்லை. முதுகெலும்பை ஒட்டி நரம்பின் வேரில் படுத்துத் தூங்கும். ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் உடம்பில் எதிர்ப்பு குறையும்போது எழுந்து, அந்த ஒரு நரம்பு போகிற பாதையிலேயே தோலுக்கு வரும். அதனால்தான் அக்கி ஒரு பக்கமாகப் பட்டை போட்ட மாதிரி வருகிறது. வருகிற வழியில் நரம்பையும் சேதப்படுத்திவிடுகிறது. நம் பக்கத்தில் இன்னும் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்கிறார்கள். நான் அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். எரிகிற உடம்புக்கு ஈரக் காவி குளுமை, ஒரு மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கவனிப்பதும் ஆறுதல். ஆனால் கிருமிக்கான மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். அந்த மூன்று நாளைக் காவியில் தொலைக்காதீர்கள். கண் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே டாக்டர்.

பெல் கதைக்கு இன்னொரு பாதி உண்டு, அது நம் ஊர்க் கதை. 1946இல் பால் பிராண்ட் என்கிற டாக்டர் வேலூருக்கு வந்தார். அப்போது தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று ஊரே நம்பியது. அவர் கவனித்துப் பார்த்துவிட்டு வேறு சொன்னார்: விரல் அழுகவில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், வெட்டிக்கொள்கிறார்கள், அதனால் போகிறது. ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் தெரியாது. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள், மருந்துச் சீட்டில் எழுதாத குறைதான்! காட்பாடிப் பக்கம் கரிகிரியில் 1955இல் தொடங்கிய மருத்துவமனையில், உணர்ச்சி போன பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பர் செருப்பே செய்தார்கள். அங்கே ஒயர் அறுந்துபோன பெல். திருடன் உள்ளே வந்தாலும் அடிக்காது.

இரண்டும் ஒரே காலில் இருக்க முடியும், அதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை 14 வருடமாக. ராத்திரி பாதம் திகுதிகு என்று எரியும், போர்வை நுனி பட்டால் கூசும். அதே பாதம்தான், செருப்புக்குள் கல் கிடந்தால் சொல்லாது. ஒரு மார்கழி ராத்திரி எரிச்சல் தாங்காமல், வெந்நீரில் வைத்தால் இதமாக இருக்கும் என்று பக்கெட்டில் காலை விட்டேன். சுகமாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் குதிகால் ஓரம் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். 35 வருடம் பிசியோதெரபி பார்த்தவன், ஊருக்கெல்லாம் ‘முழங்கையால் சூடு பாருங்கள்’ என்று சொன்னவன்! ஆறுவதற்கு மூன்று வாரம். ஐஸ் தண்ணீரில் காலை ஊறவைப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் செய்யாதீர்கள். போர்வை படாமல் இருக்க நான் கால்மாட்டில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் போர்வையைப் போட்டுக்கொள்கிறேன். செலவே இல்லை.

இப்போது குடியாத்தத்து அம்மாவிடம் வருகிறேன்.

லேசாக உரசுவதுதான் இந்த வலியைக் கிளப்பும், சீரான அழுத்தத்தைப் பலரால் தாங்க முடிகிறது. தொளதொள ரவிக்கை நடக்கும்போதெல்லாம் தேய்க்கும். அதற்குப் பதில் உடம்போடு ஒட்டிய மெல்லிய பருத்தி உள்ளாடை போட்டுப் பாருங்கள், தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டால் இன்னும் நல்லது. புண் முழுதாக ஆறிய தோல் என்பதால் கிளிங் ஃபிலிம், அதுதான் சப்பாத்தி மாவை மூடி வைக்கிற அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதை அந்த இடத்தில் சுற்றி மேலே துணி போட்டுக்கொள்வதும் உண்டு. துணி அதன்மேல் வழுக்கிப் போய்விடும். நம் வெயிலில் நாள் முழுக்க முடியாது, கல்யாணம் காட்சிக்குப் போகும் இரண்டு மணி நேரத்துக்கு ஆகும்.

அடுத்தது தோலைப் பழக்குவது. இதை எனக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தவர் ஆரணி நெசவாளர் ஒருவர். விரல் நுனி வெட்டுப்பட்டு, ஆறிய பிறகும் அந்த இடத்தில் நூல் பட்டால் துள்ளுவார். நான் பஞ்சு கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, ‘இது எதுக்கு சார், என்கிட்ட பட்டே இருக்குது’ என்று தறியில் மிஞ்சிய பட்டு நூலால் தடவத் தொடங்கினார். பட்டு பழகியதும் வேட்டித் துணி, அப்புறம் குடியாத்தம் லுங்கி, அப்புறம் துண்டு, கடைசியில் கோணி. மூன்று மாதம் ஆயிற்று. அந்த வரிசையைத்தான் இன்றைக்கும் நான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

அம்மா செய்ய வேண்டியது: வலிக்காத தோலில் தொடங்கி, எரிகிற இடத்தின் விளிம்பு வரைக்கும் போய் நிற்க வேண்டும். எடுத்த எடுப்பில் நடுவுக்குப் போகக் கூடாது. ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அவர் கையாலேயே, பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும், மகள் செய்யக் கூடாது. அடுத்தவர் கை வருகிறது என்றாலே உடம்பு இறுகிக்கொள்ளும். விளிம்பு பழகினால் ஒரு விரல்கடை உள்ளே. முடித்த பிறகு எரிச்சல் அரை மணிக்குள் அடங்கவில்லை என்றால் அன்றைக்கு அதிகம் செய்துவிட்டோம் என்று அர்த்தம். குழந்தை இடித்துக்கொண்டால் பக்கத்தில் தேய்த்து விடுகிறோம், வலி குறைகிறது. ஏன் என்பதற்கு மெல்சாக், வால் என்று இரண்டு பேர் 1965இல் ஒரு விளக்கம் சொன்னார்கள்: தண்டுவடத்தில் ஒரு வாசல் இருக்கிற மாதிரி, தொடு உணர்ச்சி கூட்டமாக உள்ளே போனால் வலிக்கு வழி குறுகுகிறது. தோலில் ஒட்டி லேசாக மின்சாரம் விடுகிற டென்ஸ் மெஷின் அந்த யோசனையில் வந்ததுதான். சிலருக்குக் கேட்கும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. வாங்குவதற்கு முன்னால் பிசியோதெரபி இடத்தில் நாலைந்து தடவை வைத்துப் பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு வேண்டாம், உணர்ச்சி செத்த தோலிலும் ஒட்ட வேண்டாம்.

வேலை விஷயம். நம் அம்மாக்களுக்கு வலி குறைந்த நாள் வந்தால் போதும், வருஷத்துக்கு வேண்டிய வடகம் முழுக்க அன்றைக்கே மொட்டை மாடியில் பிழிந்துவிடுவார்கள். அடுத்த மூன்று நாள் படுக்கை. அப்புறம் ‘வேலை செய்தால் வலிக்கிறது’ என்று எதையுமே தொட மாட்டார்கள், உடம்பு இன்னும் இளைத்துப் போகும். நல்ல நாளோ கெட்ட நாளோ, போனில் 15 நிமிஷ அலாரம். அடித்தால் பாதிப் பிழியலில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். சொல்வது எளிது, எந்த அம்மாவும் பாதியில் எழுந்து நான் பார்த்ததில்லை. மாவைக் குறைவாகக் கரைத்துக் கொடுங்கள், அதுதான் வழி.

ராத்திரியில் வலி கூடுவதற்குக் காரணம் உண்டு, கவனத்தைப் பிடித்துவைக்க வேறு எதுவும் இல்லை. பக்கத்தில் ரேடியோ மெல்லப் பாடட்டும். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்லுங்கள், வலி போகாது, வலியைச் சுற்றி இறுகிய தோளும் வயிறும் இளகும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இதெல்லாம் மாத்திரையோடு சேர்த்துத்தான். நரம்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, தலை சுற்றுவதை டாக்டரிடம் சொன்னால் அளவை அவர் மாற்றுவார்.

சரி, அண்ணனுக்கு வருவோம். கேள்வி அவரிடமிருந்து வந்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். தம்பி, நீங்கள் கல்யாணப் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மரத்துப் போயிருக்கிறதா? எழுந்திருக்கும்போது யாராவது அந்தக் காலை விரலால் தொட்டால் எப்படி இருக்கும்? ‘தொடாதே, தொடாதே’ என்று கத்துவீர்களே, நடிப்பா அது? அந்த இரண்டு நிமிஷம்தான் உங்கள் அம்மாவுக்கு எட்டு மாதமாக.

இந்த ‘நடிப்பு’ என்ற சொல் வீட்டில் விழுந்த பிறகு என்ன ஆகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். நம்ப வைப்பதற்காக அம்மா கொஞ்சம் அதிகமாக முனக வேண்டியிருக்கிறது. முனக முனக வீடு இன்னும் நம்பாது. இன்னொரு பக்கம், மகள் மணிக்கு ஒரு தடவை ‘வலிக்குதாம்மா, வலிக்குதாம்மா’ என்று கேட்கிறார். அன்புதான், ஆனால் ரேடியோவில் மறந்திருந்த வலியை அந்தக் கேள்வி மறுபடியும் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. நானே பல வருடம் நோயாளி உள்ளே வந்ததும் ‘வலி எப்படி இருக்கு’ என்றுதான் தொடங்கினேன். பிறகு ‘இந்த வாரம் என்ன செஞ்சீங்க’ என்று மாற்றினேன். அதே வலி, பேச்சு மட்டும் மாறியது, சிலர் சிரித்துக்கொண்டே ‘பேரனோட கோட்டைக்குப் போய் அகழி ஓரமா நடந்தேன் சார்’ என்பார்கள்.

மகளுக்கு: வலியைக் காலையில் ஒரு தடவை கேளுங்கள், போதும். மீதி நேரம் குழம்புக்கு உப்பு போதுமா என்று கேளுங்கள். அண்ணனுக்கு ஒரு வேலை: அம்மா படுக்கிற அறையில் மேலே ஓடுகிற மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு டேபிள் ஃபேனை வாங்கி சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். காற்று சுவரில் பட்டுத் திரும்பி வரட்டும், நேராக மேலே விழ வேண்டாம். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் செய்துவிடுங்கள்.