அன்னாசிப்பூக் கஷாயம் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்தா?

அடுத்த கேள்வி தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி அனுப்பியது. "பன்றிக் காய்ச்சல் மாத்திரையை அன்னாசிப்பூவில் இருந்துதான் எடுக்கிறார்களாம், வாட்ஸ்அப்பில் வந்தது. நம்ம வீட்டு மசாலா டப்பாவிலேயே கிடக்கிறதே, கஷாயம் வைத்துக் குடித்தால் போதாதா? எட்டு மாதப் பேரனுக்கு ஒரு சங்கு கொடுக்கலாமா?"

ஆச்சி, செய்தியில் பாதி உண்மை. அந்த மருந்தின் பெயர் ஓசெல்டாமிவிர். அதைத் தயாரிக்க ஷிகிமிக் அமிலம் வேண்டும். அன்னாசிப்பூவில் அது தாராளமாக இருக்கிறது. 2005-இல் பறவைக் காய்ச்சல் பயம் கிளம்பியபோது இந்தப் பூவுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி வந்தது. பிறகு ஈ.கோலை என்ற பாக்டீரியாவை வளர்த்தும் அந்த அமிலத்தை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் ஷிகிமிக் அமிலம் மருந்து இல்லை, மூலப்பொருள். பருத்தியை உடம்பில் சுற்றிக்கொண்டு கண்டாங்கி கட்டியிருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? அந்த அமிலத்தில் நைட்ரஜனே கிடையாது. ஓசெல்டாமிவிரில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உண்டு, எண்ணெய்ப் பசையுள்ள ஒரு பக்கக் கிளையும் உண்டு. தொழிற்சாலையில் படிப்படியாக ஒட்டவைத்தவை இவை. பன்றிக் காய்ச்சலும் ஒரு வகை ஃப்ளூதான். ஃப்ளூ வைரஸ் நம் செல்லுக்குள் பெருகியபின், நியூராமினிடேஸ் என்ற நொதியால் தன் கட்டை அறுத்துக்கொண்டு வெளியே ஓடும். மருந்து அந்த நொதியின் குழிக்குள் போய் உட்கார்ந்து அடைக்கிறது. உட்கார வைப்பதே அந்தக் கிளையும் நைட்ரஜனும்தான். வெறும் ஷிகிமிக் அமிலத்தை எத்தனை டம்ளர் குடித்தாலும் அந்த வேலை நடக்காது.

சரி, அப்படியானால் கஷாயத்தில் என்னதான் இருக்கிறது? மணம் தருவது அனெத்தோல். சோம்புக்கும் அதே வாசனைதான், அதே சரக்கு. குடல் தசையைக் கொஞ்சம் தளர்த்தும், வாயுவுக்கு இதமாக இருக்கும். அது எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் மிகக் குறைவு. திறந்த சட்டியில் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். வீடு மணக்கும், சட்டியில் மிச்சம் சொற்பம். எண்ணெய் காய்ந்ததும் அன்னாசிப்பூவைப் பட்டையோடு போட்டுத் தாளிக்கிறோமே, அதுதான் சரியான வழி.

பேரனுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம் ஆச்சி. அன்னாசிப்பூ நம்ம ஊரில் விளைவதில்லை, தென் சீனா, வியட்நாம் பக்கத்துச் சரக்கு. அதே ஜாடையில் ஜப்பானில் ஒரு பூ உண்டு. அதில் அனிசாட்டின் என்ற நஞ்சு இருக்கிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளை அது தடுப்பதால் வலிப்பு வரும். சரக்கில் அது கலந்து வந்துவிட்டால், முழுப் பூவாக இருந்தாலே கண்ணால் பிரித்தறிவது கஷ்டம், பொடியாக்கிவிட்டால் சுத்தமாக முடியாது. அமெரிக்காவில் அன்னாசிப்பூத் தேநீர் கொடுத்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் வாந்தியும் வந்ததால், 2003-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அதைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. குழம்பில் விழும் ஒரு பூவைப் பற்றி நான் கவலைப்படவில்லை. சங்கில் போகும் கஷாயம் வேறு.

காய்ச்சல் அடித்தால் குழந்தையை அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஃப்ளூவாக இருந்தால் இந்த மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பிள்ளைகளுக்குத் திரவமாகவும் கிடைக்கிறது, அளவை எடை பார்த்து அவர் சொல்வார்.