உழக்கு மிஞ்ச ஒரு களம்

மேடையில் வீற்றிருக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, வேளாண்மைத் துறை துணை இயக்குநர் அவர்களே, வாய்க்கால் தூர்வாரும்போதெல்லாம் சொந்த டிராக்டரை அனுப்பும் முன்னாள் ஊராட்சித் தலைவர் அவர்களே, எனக்குத் துண்டு போர்த்திய தலைமையாசிரியர் அவர்களே (நாளைக்கு வயலில் அதுதான் எனக்குத் தலைப்பாகை), இடம் கிடைக்காமல் பந்தலுக்கு வெளியே நிற்கும் தாய்மார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறு விவசாயியின் வருமானத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். விதை, கடன், நெல் காயவைக்கும் களம் என்று மூன்று வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பழமொழிதான்: உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது. ஏன் மிஞ்சவில்லை?

முதலில் விதை. மடகாஸ்கரில் 1980களில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் ஏழைக் குடியானவர்களோடு வயலில் இறங்கிக் கண்டறிந்த முறையைத்தான் நாம் திருந்திய நெல் சாகுபடி என்கிறோம். 14 நாள் நாற்று, நடும் இடத்துக்கு ஒன்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி. ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். நல்ல முறை, குறை சொல்லவில்லை. ஆனால் கூடுதலாக விளைந்த நெல்லை எங்கே காயவைப்பது?

எங்கள் பெரியப்பா கதையைச் சொல்கிறேன். குறுவை அறுப்பு, ஐப்பசி மழை. மெஷின் ஒரு மணி நேரத்தில் அறுத்துக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. ஈர நெல். அரசு நெல் வாங்கும் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. (சில வருடம் டெல்லி மனது வைத்து 19, 20 என்று தளர்த்தியதும் உண்டு. அந்த உத்தரவு வருவதற்குள் நெல் நனைந்துவிடும்.) கருவியை வைத்தார்கள், 21. தார் ரோட்டில் பரப்பினோம். நெல்மேல் பஸ் ஏறிப் போனது. சாயங்காலம் 18. "நாளைக்கு வாங்க" என்றார்கள். ராத்திரி மழை. தார்ப்பாயின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். நாலாம் நாள் காப்பி கொண்டுவந்த பெரியம்மா மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன, நாற்றங்காலை இங்கேயே போட்டுட்டீங்களா?" என்றார். நெல் முளைவிட்டிருந்தது! பெரியப்பாவும் சிரித்தார், பாவம். கடைசியில் ஒரு வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தோம். கணக்குப் பார்த்தால் உழக்கு எங்கே மிஞ்சும்? தார்ப்பாய்தான் மிஞ்சியது, அதுவும் கிழிந்து.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு விவசாயியின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதில் களத்துக்கென்று தனியாக எதை ஒதுக்குவான்? அந்தக் காலத்தில் ஊருக்குப் பொதுக் களம் இருந்தது. இப்போது அதன்மேல் என்னென்ன கட்டடம் நிற்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை, மேடையில் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு ஒரு சிமெண்டுக் களம், மேலே ஒரு கூரை, கொள்முதல் நிலையத்துக்கு ஒரு உலர்த்தும் இயந்திரம். நான் ஆறு வருடமாகக் கேட்பது இதைத்தான்.

கடனைப் பற்றியும் சொல்ல வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சரி. வாசலில் மேசைமேல் களம் கேட்டு ஒரு மனு இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள். துணை இயக்குநர் ஜீப் ஏறுவதற்குள் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். காப்பி அப்புறம்.