தரையணிலும் நம் குடியிருப்போர் சங்கமும்

(கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா ஒன்றில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, பள்ளி முதல்வர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களே, விடியற்காலையில் எழுந்து கேசரி கிண்டிய தாய்மார்களே, அடுத்து ஆடுவதற்குச் சலங்கை கட்டிக் காத்திருக்கும் குழந்தைகளே! தமிழ் தெரியாவிட்டாலும் முன்வரிசையில் பொறுமையாக அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அம்மையாருக்குத் தனி வணக்கம்.

கலிபோர்னியத் தரையணிலின் வாழிடம், வீரம், உணவு என்று மூன்று தலைப்புகளை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள்.

நம் ஊர் அணில் மரமேறித் தப்பும். இது வளைக்குள் பாய்ந்து தப்பும். புல் உயர்ந்தால் எதிரி வருவது தெரியாது. ஆகவே மாடு மேய்ந்த குட்டைப் புல்வெளியும், ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் சரிவும்தான் அதற்குப் பிடித்த இடம். அது தோண்டிய வளையில் வளை ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. பல்லி போல் இருக்கும், தவளைக்கு உறவான புலிச் சாலமாண்டர் கோடையைக் கழிக்கிறது.

வீரத்துக்கு வருகிறேன். கிலுகிலுப்பைப் பாம்புக்கு வெப்பத்தை உணரும் குழி முகத்தில் உண்டு. அதன் எதிரே தரையணில் தன் வாலைச் சூடேற்றி ஆட்டுகிறது. அந்த உணர்வு இல்லாத பாம்பு வந்தால் வாலை ஆட்டும், சூடேற்றாது! டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் இதை வெளியிட்டார்கள். பாம்புச் சட்டையை மென்று, அந்த எச்சிலைத் தன் உடம்பெல்லாம் நக்கிப் பூசிக்கொள்ளவும் அதற்குத் தெரியும்.

இத்தகைய பிராணியை மனிதன் என்ன செய்தான்? ‘எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம்’ என்பார்கள். 1918, முதல் உலகப் போர்க் காலம். தானியத்தைத் தின்கிறது என்று கலிபோர்னிய அரசே ‘அணில் வாரம்’ அறிவித்தது. சுவரொட்டியில் அணிலின் தலையில் ஜெர்மன் சிப்பாயின் தொப்பி! பார்லியில் எட்டிக்கொட்டை விஷமான ஸ்ட்ரிக்னின் கலந்தார்கள். கொல்லும் வேலை யாருக்கு? பள்ளிப் பிள்ளைகளுக்கு. கொன்றதற்குச் சான்றாக வாலை ஒப்படைக்க வேண்டும். நம் பள்ளியில் வீட்டுப்பாடம் கொண்டுவரச் சொன்னாலே பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வால்களைக் குவித்தார்கள்! உட்கார்ந்து எண்ணியவர்களை நினைத்துப் பாருங்கள். அத்தனைக்குப் பிறகும் போன வாரம் என் வீட்டு வேலியோரம் ஒன்று நிமிர்ந்து நின்று என்னை முறைத்தது.

வயலில் சேதம் உண்டு; கரைகளில் வளை தோண்டுவதும் உண்மை. ஆனால் பூங்கா ஓரத்துக்கு எதற்கு விஷம்? இரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தின்ற அணில் உடனே சாகாது. நாள் கணக்கில் தள்ளாடும். அதைப் பிடித்துத் தின்னும் பருந்தும் நரியும் சேர்ந்து சாகும். மாநிலம் 2020-இலும் 2024-இலும் சட்டம் போட்டு இத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்தியது, விதிவிலக்குகளும் வைத்தது. எங்கள் குடியிருப்பில் நடைபாதை ஓரம் இன்னும் கறுப்புப் பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே என்ன என்று கேட்டால் “பராமரிப்பு” என்கிறார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம்!

மணி அடித்துவிட்டார்கள். உணவைப் பற்றிப் பேச நேரமில்லை. நம் வளைகுடாப் பகுதியின் பிரையோன்ஸ் பூங்காவில் இந்த அணில் வயல் எலியை வேட்டையாடித் தின்பதை 2024-இல் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதோடு விடுகிறேன். குடியிருப்போர் சங்கங்களில் பொறுப்பில் இருப்போர் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். உங்கள் அடுத்த கூட்டத்தில் அந்தப் பெட்டிக்குள் என்ன மருந்து என்று எழுத்துமூலம் கேளுங்கள். விஷம் வேண்டாம் என்னும் மனு, காபி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுக் கேசரி சாப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.