தொடங்கியவர்களும் தொடர்ந்தவர்களும்

அவையோருக்கும் மாணவியருக்கும் என் அன்பான வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் சொரோரிட்டி என்னும் மாணவியர் சங்கங்கள் உண்டு. கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொள்வார்கள். பட்டம் வாங்கி வெளியேறிய பின்பும் வாழ்நாள் முழுக்க உறுப்பினராக இருப்பார்கள். விருந்தும் விழாவுமாகப் பொழுது போக்கும் கூட்டம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கலாம். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சங்கத்தின் தலைவியரை அறிந்தால் அந்த நினைப்பு நிற்காது.

வாஷிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908 ஜனவரி 15 அன்று, எத்தெல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் முயற்சியால் 9 பேர் கூடித் தொடங்கிய சங்கம் இது. கறுப்பின மாணவியருக்கென எழுந்த முதல் கிரேக்க எழுத்துச் சங்கம். அடிமை முறை ஒழிந்து அப்போது அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. முதல் தலைவர் லூசி டிக்ஸ் ஸ்லோ. பின்னாளில் தேசிய டென்னிஸ் பட்டம் வென்ற அவர், 1922இல் அதே பல்கலைக்கழகத்தில் மாணவியர் நலனுக்கான டீன் ஆனார்.

சங்கம் பிறந்த நான்காம் ஆண்டிலேயே பிளவு வந்தது. பெயரையும் நோக்கத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள் இளைய மாணவியர். கூடாது என்றார் முன்னாள் தலைவர் நெல்லி குவாண்டர். 22 பேர் பிரிந்துபோய், 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டாவை அமைத்தார்கள். குவாண்டர் சோர்ந்து உட்காரவில்லை. அதே மாதம் 29ஆம் தேதி தம் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்துவிட்டார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அந்த மார்ச் 3ஆம் தேதி வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலம். ஏற்பாட்டாளர் ஆலிஸ் பாலுக்குக் குவாண்டர் முன்கூட்டியே கடிதம் எழுதினார். ஹோவர்டு மாணவியர் கலந்துகொள்ள விரும்புகிறார்கள். இனத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதானால் வர மாட்டோம். கல்லூரிப் பெண்களின் அணியில் எங்களுக்கு நல்ல இடம் தர முடியுமா என்று கேட்டார். கெஞ்சாமல், சீறாமல், தங்களுக்கு உரியதை நேராகக் கேட்ட கடிதம் அது. டெல்டா மாணவியரும் அந்த ஊர்வலத்தில் நடந்தார்கள்.

நான் அதிகம் பேச விரும்புவது மிசிசிப்பியைப் பற்றி. 1930களில் சங்கத் தலைவராக இருந்த ஐடா ஜாக்சன் அந்த மாநிலத்தில் பிறந்தவர். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் முதல் கறுப்பின ஆசிரியராக வேலை பார்த்தவர். 1934 கோடையில் மிசிசிப்பியின் கிராம ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தப் போனார். அங்கே நோயும் வறுமையும் மக்களை வாட்டுவதைக் கண்டார். உடல் தேறாமல் பாடம் எங்கே ஏறும்? மறுகோடையில் மருத்துவ முகாமுக்கு ஏற்பாடு செய்தார். பொறுப்பேற்றவர் டாக்டர் டோரத்தி ஃபெரபி.

பெரிய கறுப்பினக் குழுவுக்கு ரயில் டிக்கெட் தர மறுத்தார்கள். சொந்தக் கார்களில் மருந்தை ஏற்றிக்கொண்டு, நாட்டின் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்கள் இந்தப் பெண்கள். போய்ச் சேர்ந்தால் அடுத்த தடை: குத்தகைக் கூலிகள் தோட்டத்தை விட்டு முகாமுக்கு வர முதலாளிகள் அனுமதிக்கவில்லை. சரி, முகாம் தோட்டத்துக்கு வரும் என்று கார்களையே நடமாடும் மருத்துவமனை ஆக்கினார் ஃபெரபி. பருத்திக் காட்டில் காரை நிறுத்தி, குழந்தைகளை வரிசையில் நிற்க வைத்து பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். இடுப்பில் துப்பாக்கி செருகிய கண்காணிகள் குதிரைமேல் சுற்றிச் சுற்றி வந்தார்கள், கூலிகளை இவர்கள் தூண்டிவிடுகிறார்களா என்று வேவு பார்க்க. அந்தப் பார்வைக்கு நடுவே ஊசி பிடித்த கை நடுங்காமல் இருக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! ஒரு கோடையோடு விடவில்லை. 1942 வரை போய்வந்தார்கள்.

ஃபெரபி 1939இல் சங்கத் தலைவரானார். அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு வேலையும் தொடங்கியிருந்தது. 1913இல் குவாண்டரோடு நின்று சங்கத்தைப் பதிவு செய்தவர்களில் ஒருவர் நார்மா பாய்ட், வாஷிங்டன் பள்ளிகளில் கணித ஆசிரியை. அவர் முன்னின்று, நாடாளுமன்றத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காக வாதாடச் சங்கத்தின் சார்பில் தனி மன்றம் ஒன்றை 1938இல் அமைத்தார். கட்சி எதையும் சாராத அந்த மன்றம் பத்து ஆண்டுகள் இயங்கியது. நன்றி, வணக்கம்.