சோம்புத் தட்டுக் காசு

நேயர்களுக்கு வணக்கம்.

ஓட்டலில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் மேசையில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். கொஞ்சம் சோம்பு, நாலு கல்கண்டு, அடியில் மடித்த பில். மீதிச் சில்லறையில் பத்தோ இருபதோ அதிலேயே விட்டுவிட்டு எழுந்து வருவோம். அந்தத் தட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எதை ஆரம்பித்தாலும் சோம்புத் தட்டில் வந்து நிற்கிறேன் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். இருக்கட்டும்.

என் அப்பா திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஓட்டலில் இருபது வருஷத்துக்கு மேல் சப்ளையர். கடைசி பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை வீட்டுக்கு வருவார். நடையில் உட்கார்ந்து சட்டைப் பையைக் கவிழ்ப்பார். காசெல்லாம் கல்கண்டு ஒட்டிப் பிசுபிசுக்கும். அம்மா தண்ணீரில் அலசி, துண்டில் ஒற்றி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவாள். சம்பளம் வாடகைக்கும் கடைப் பாக்கிக்கும் போய்விடும். பள்ளிக்கூட நோட்டு, காய்ச்சல் மருந்து, ஆனித் தேரோட்டத்தில் வாங்கும் பலூன் எல்லாம் அந்தப் பாட்டில்தான். எவ்வளவு அலசினாலும் சோம்பு வாசனை போகாது.

ஒரு வருஷம் முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் தகர உண்டியல் ஒன்று வைத்தார். டிப்ஸ் எல்லாம் இதில் போடணும், தீபாவளிக்குச் சமமாகப் பிரித்துத் தருவேன் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் திறந்தார். உடைந்த தம்ளருக்கு இவ்வளவு, தொலைந்த கரண்டிக்கு இவ்வளவு, சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவிய ஆளுக்கு இவ்வளவு என்று துண்டுச்சீட்டில் கழித்துக்கொண்டே வந்தார். மிஞ்சியதில் எனக்கு ஒரு டிரவுசர் எடுத்தார்கள். தம்பிக்கு இல்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "போய்க் கேளும் வே" என்றார். அப்பா சொன்னார்: "சவத்த விடும். எந்தச் சட்டத்தக் காட்டிக் கேக்க?"

அதற்காகத்தான் வக்கீலுக்குப் படித்தேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். வேறு வேலை கிடைக்காமல் படித்தேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது.

1976-இல் ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது. டிப்ஸ் வாடிக்கையாளர் கொடுப்பது, முதலாளி கொடுப்பதல்ல. அதனால் அதைச் சம்பளக் கணக்கில் சேர்க்க முடியாது. இது பெரிய விஷயம். குற்றாலம் சீசனுக்கு ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருந்தவர் என்னிடம் வந்தார். "உனக்குத்தான் டிப்ஸ் வருதே" என்று சம்பளத்தைக் குறைத்துவிட்டார்களாம். அப்படிக் குறைக்க முடியாது. குறைந்தபட்சக் கூலி வேறு, டிப்ஸ் வேறு.

2016-இல் அதே உச்ச நீதிமன்றத்தில் ஐடிசி ஓட்டல் வருமான வரி வழக்கு. கார்டில் வரும் டிப்ஸை ஓட்டல் வாங்கிப் பிரித்துக் கொடுத்தாலும் அது சம்பளம் ஆகாது, ஊழியர்களுக்காக நம்பிக்கையின் பேரில் கையில் வைத்திருக்கும் பணம் என்றார்கள்.

நல்லதுதானே என்பீர்கள். இங்கேதான் சிக்கல். சம்பளத்தில் கண்டபடி பிடித்தம் செய்யக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. டிப்ஸ்தான் சம்பளமே இல்லையே! உடைந்த தம்ளருக்கு அதில் கழித்தால், அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. முதலாளி கை வைக்காமல் காத்த அதே வாக்கியம், அவர் கை வைத்தபின் தொழிலாளியை வெளியே நிறுத்திவிடுகிறது. திரும்பவும் சொல்கிறேன்: காசு யாருடையது என்பது தீர்ந்துவிட்டது. அதை வாங்கித் தரத் தனிச் சட்டம் இல்லை.

பிரிட்டனில் 2023-இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் நடைமுறையில் இருக்கிறது. முதலாளி கைக்கு வரும் டிப்ஸில் வரி போக ஒரு பைசா பிடிக்கக்கூடாது. அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். கணக்கு மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும். துண்டுச்சீட்டுக் கதை நடக்காது.

நமக்கு இது இப்போது அவசரம். தட்டில் காசு விழுவதே குறைந்துவிட்டது. கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறோம். 180 ரூபாய் பில்லுக்கு 200 போட்டுவிட்டு, "மிச்சம் தம்பிக்கு" என்கிறோம். அந்த இருபது ரூபாய் முதலாளியின் பேங்க் கணக்கில் விழுகிறது. தம்பி அதற்குள் அடுத்த மேசைக்குச் சாம்பார் வாளியோடு போய்விட்டான். உண்டியலாவது கண்ணுக்குத் தெரிந்தது. நான் இன்றைக்கும் பையில் பத்து ரூபாய்த் தாள்கள் வைத்திருக்கிறேன்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிஷமாம். ஓட்டலே பில்லில் போடும் சர்வீஸ் சார்ஜ் டிப்ஸ் அல்ல. அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அப்புறம், எச்சில் இலை எடுக்கும் அம்மா, தோசைக் கல்லில் வேகும் மாஸ்டர், இவர்கள் யாரும் சோம்புத் தட்டுப் பக்கமே வருவதில்லை. அவர்களுக்கு என்ன பங்கு என்பதைத்தான் முக்கியமாகப் பேச எழுதி வந்தேன். நேரத்தை அப்பா எடுத்துக்கொண்டார். வணக்கம்.