இருட்டிய பின் பேய்க்கதை சொல்லத்தான் வேண்டும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, ஆந்திர எல்லையில் தமிழ் வளர்க்கும் திருத்தணிப் பெருமக்களே, வணக்கம்.

இரவில் பேய்க்கதை கேட்கும் பிள்ளை கோழையாகும், தூக்கத்தில் அலறும் என்றார் எதிரணி நண்பர். மரத்தில் பேய், குளத்தில் பேய் என்று அஞ்சியவர்களைக் கண்டு பாரதி நெஞ்சு பொறுக்காமல் பாடியதையும் துணைக்கு அழைத்தார். பேயை மெய்யென்று நம்பி முடங்கிய பெரியவர்களைத்தான் பாரதி கடிந்தார், கதையென்று தெரிந்தே பாட்டியை ஒட்டி உட்கார்ந்து "அப்புறம்?" என்று கேட்கும் பிள்ளையை அவர் எங்கே கடிந்தார்? "சோறு தின்னாவிட்டால் பேய் பிடித்துக்கொண்டு போகும்" என்பது கதையன்று, மிரட்டல். அதை நானும் எதிர்க்கிறேன்.

நாம் எந்த மண்ணில் நின்று பேசுகிறோம்? பேயுருவை விரும்பி வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் இறைவனின் ஆடல் கண்டு பாடிய திருவாலங்காடு, இங்கிருந்து கூப்பிடு தூரம். அதையடுத்த பழையனூரில்தான் நீலி கதை நடந்ததாகச் சொல்கிறோம். முற்பிறவியில் தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்க வந்த நீலி, ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தொடர்கிறாள். அந்தக் கள்ளி அவனைப் பார்த்து "அப்பா" என்கிறது. இந்த இடத்தில் கேட்கும் பிள்ளைக்கு மயிர்க்கூச்செறியும், எறியட்டும்! அதற்குப் பின் வருவதுதான் கதையின் உயிர். நீலியை அவன் மனைவியென்றே நம்பி அவளோடு அவனை அனுப்பி, வணிகனின் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாக வைத்த வேளாளர் எழுபதுபேரும், அவள் கையால் அவன் மாண்டதை அறிந்து, சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். வாக்கின் எடையை இதைவிட அழுத்தமாக ஒரு பிள்ளையின் மனத்தில் பதிக்கும் பாடம் எது?

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நான்கு இடங்களுள் அணங்கையே, அதாவது பேய் போல் வருத்தும் தெய்வத்தையே, முதலில் சொன்னார். அஞ்சுவது குறையன்று, அஞ்சியபின் என்ன செய்வது என்பதைக் கதை கற்றுத் தருகிறது. எல்லைக்கு அப்பால், ஆந்திரத்தில், ஒருகாலத்தில் வீட்டுச் சுவரில் தெலுங்கில் "ஓ ஸ்திரீ, ரேப்பு ரா" என்று எழுதிவைப்பார்கள். இரவில் வரும் பேய், "பெண்ணே, நாளை வா" என்ற அந்த வரியைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும். மறுநாளும் அதையே படிக்கும். எழுதத் தெரிந்தவன் பேயையும் தவணை சொல்லி அனுப்பலாம் என்று அறிந்ததும், நடுங்கிய பிள்ளையே கைகொட்டிச் சிரிக்கும்.

அப்படியானால் பிள்ளை அலறுவது ஏன்? பாதியில் நிறுத்தி, "மீதி நாளைக்கு" என்று விளக்கணைத்துவிட்டுப் போகிறோமே, அதனால். போர்வைக்குள் தனியாகக் கைப்பேசியில் பேய்ப்படம் பார்க்க விடுகிறோமே, அதனால். பக்கத்தில் ஒரு குரல் இருந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் விடை சொல்லி, கதையை முடித்தும் வைத்தால் அச்சம் அங்கேயே அடங்கும்.

எனவே, கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, இன்றிரவே நீலி கதையைத் தொடங்கிக் கடைசிவரை சொல்லி முடிக்குமாறு பெற்றோருக்குத் தீர்ப்பளிக்க வேண்டுமென்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.