மேல்தளத்தில் எத்தனை பேர்?

நேயர்களுக்கு வணக்கம். பழங்காலக் கடற்போர் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமாக் காட்சிதான். சங்கிலியில் கட்டிய அடிமைகள் துடுப்பு வலிக்க, ஒருவன் முரசடிப்பான், இன்னொருவன் சாட்டையை வீசுவான். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் போய் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அங்கே துடுப்பு வலித்தவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்கிய சுதந்திர மனிதர்கள். தாளம் கொடுத்தது குழல். உட்கார்ந்து வலிக்க ஆளுக்கொரு மெத்தைகூட வைத்திருந்தார்கள்.

அவர்களுடைய போர்க்கப்பல் டிரைரீம். சுமார் 37 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் அகலம். மூன்று அடுக்காக 170 பேர், ஆளுக்கு ஒரு துடுப்பு. மாலுமிகளையும் சேர்த்தால் மொத்தம் 200 பேர். சரி, இதில் சண்டை போடுகிற வீரர்கள் எத்தனை பேர்? கேடயமும் ஈட்டியும் ஏந்தியவர்கள் பத்து, வில்லாளிகள் நான்கு. அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு குறைவு? கப்பலேதான் ஆயுதம். கப்பலின் முன்முனையான அணியத்தில், நீர்மட்டத்தை ஒட்டி, வெண்கலம் போர்த்திய முட்டுமுனை ஒன்று இருக்கும். வேகமாக வலித்துப்போய் எதிரியின் விலாவில் மோதி ஓட்டை போட வேண்டும். உடனே பின்னோக்கி வலித்து விலகிவிட வேண்டும். விலகுவதில்தான் பாடு. மாட்டிக்கொண்டு நின்றால் அடுத்த கப்பல்காரன் தாவி ஏறிவிடுவான். அப்படி ஏறுகிறவனைத் தடுக்கத்தான் இந்தப் பதினான்கு பேர்.

அவர்களும் தங்கள் இஷ்டத்துக்கு நடமாட முடியாது. ஒடுங்கிய, இலேசான கப்பல் அது. மேலே நாலு பேர் ஒரு பக்கமாகப் போனாலே சாயும். அந்தப் பக்கத்துத் துடுப்புகள் ஆழத்தில் சிக்கும், மறுபக்கத்துத் துடுப்புகள் காற்றைத் துழாவும். அதனால் வீரர்கள் உட்கார்ந்தபடியேதான் வருவார்கள், ஈட்டி எறிவதும் உட்கார்ந்த வாக்கில்தான். பழகிப் பாருங்கள், அது வேறு வித்தை. கி.மு. 413இல் சிசிலித் தீவின் சிராக்யூஸில், ஏதென்ஸை எதிர்த்து நின்ற ஸ்பார்ட்டாவின் தளபதி கிலிப்பஸ் தன் ஆட்களுக்குத் தைரியம் சொன்னபோது இதையும் சொன்னதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார்: ஏதென்ஸ்காரர்கள் தரைப்படை ஈட்டிக்காரர்களைக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள், உட்கார்ந்து எறிய அவர்களுக்குத் தெரியாது என்று.

எல்லாக் கிரேக்கர்களும் ஏதென்ஸ் மாதிரி நினைக்கவில்லை. கி.மு. 494இல் பாரசீகர்களுக்கு எதிரான லாடே போருக்கு வந்த கியோஸ் தீவினர் கப்பலுக்கு 40 பேரை நிறுத்தியிருந்தார்கள். முட்டுவதைவிட ஏறிச் சண்டை போடுவதில் அவர்களுக்கு நம்பிக்கை. அது பழைய பாணி.

இந்த இரண்டு பாணிகளும் மோதியதைப் பார்க்க வேண்டுமானால், கி.மு. 429இல் கொரிந்து வளைகுடாவின் வாசலுக்குப் போக வேண்டும். கொரிந்து தரப்பில் 47 கப்பல்கள். தரைப்போருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற கோலத்தில் இருந்தன. ஏதென்ஸின் தளபதி ஃபோர்மியோவிடம் இருந்ததோ இருபது. பயந்தது 47தான்! அணியங்கள் வெளியே பார்க்க வட்டமாக நின்றார்கள். சிறு படகுகளையும் நல்ல கப்பல்கள் ஐந்தையும் நடுவில் வைத்துக்கொண்டார்கள். ஃபோர்மியோ ஒற்றை வரிசையில் அவர்களைச் சுற்றிவந்தார். ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கிட்டே, உரசிவிடுகிற அளவுக்கு. வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. விடியலில் வளைகுடாவிலிருந்து காற்று வீசும் என்பது அவருக்குத் தெரியும், அதற்காகவே காத்திருந்தார். காற்று வந்தது. கப்பல்கள் ஒன்றோடொன்று இடித்தன. கழிகளால் தள்ளிவிட்டார்கள், ஒருவரை ஒருவர் திட்டினார்கள். அந்தக் கூச்சலில் உத்தரவு யார் காதிலும் விழவில்லை. அலையில் துடுப்பைத் தூக்கத் தெரியாத புது ஆட்கள் வேறு. அப்போதுதான் ஃபோர்மியோ தாக்கச் சொல்லிச் சைகை காட்டினார். பன்னிரண்டு கப்பல்கள் பிடிபட்டன, மற்றவை ஓடின. தளத்தில் கூட்டம் சேர்த்ததால் கொரிந்துக்கு ஒரு பயனும் இல்லை.

அதே ஏதென்ஸ், நான் முன்பு சொன்ன சிராக்யூஸ் துறைமுகத்துக்குள் அகப்பட்டபோது இந்தப் பாடத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. சுற்றிவர இடமில்லை. எனவே தளம் கொள்ளுமட்டும் ஆளை ஏற்றி, எதிரிக் கப்பலை இழுத்துப் பிடிக்க இரும்புக் கொக்கிகளும் வைத்துக்கொண்டார்கள். சிராக்யூஸ்காரர்கள் அணியத்தின் மேல் தோலை விரித்துவிட்டார்கள், கொக்கி வழுக்கட்டும் என்று. ஏதென்ஸ் தோற்றது.

அப்புறம் ரோம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜுடன் போர் மூண்டபோது ரோமானியர்களுக்குக் கடல் பழக்கம் குறைவு. துடுப்புக்காரர்களைத் தரையில் பெஞ்சு போட்டு உட்காரவைத்துப் பழக்கினார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் போலிபியஸ். முட்டும் வித்தையில் கார்த்தேஜை ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் போட்டியையே மாற்றினார்கள். அணியத்தில் ஒரு கம்பம் நட்டு, அதில் சுமார் 11 மீட்டர் நீளப் பலகைப் பாலம் ஒன்றைத் தூக்கி நிறுத்தினார்கள். பாலத்தின் நுனியில் இரும்பு முள். எதிரி நெருங்கினால் பாலம் விழும், முள் தளத்தில் குத்தி நிற்கும். வீரர்கள் இருவர் இருவராக ஓடுவார்கள். முன்னால் போகிறவர்கள் கேடயத்தை எதிரே பிடிக்க, பின்னால் வருகிறவர்கள் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவரின் மேல் கேடயத்தை வைத்துப் பக்கவாட்டை மறைப்பார்கள். கி.மு. 260, மைலே போரில் கார்த்தேஜ் ஐம்பது கப்பல்களை இழந்தது. அதன் தளபதி ஹானிபல் சிறு படகில் தப்பினார். ஆல்ப்ஸைத் தாண்டிய ஹானிபல் அல்ல, இவர் வேறு.

நாலு வருடம் கழித்து எக்னோமஸ் கடற்போரில் ரோமானியக் கப்பல் ஒவ்வொன்றிலும் 300 துடுப்புக்காரர்கள், 120 வீரர்கள். கி.மு. 255இல் சிசிலியின் தென்கரையில் புயல் அடித்தது. ரோமின் 364 கப்பல்களில் எண்பதுதான் மிஞ்சின. பாலத்தின் பாரம்தான் கவிழ்த்தது என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். போலிபியஸோ, மாலுமிகள் எச்சரித்தும் கேட்காத தளபதிகளைத்தான் குறை சொல்கிறார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனால் எக்னோமஸுக்குப் பிறகு அந்தப் பாலத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

கி.மு. 241இல் சிசிலிக்கு மேற்கே ஈகாட்டஸ் தீவுகளருகே நடந்த கடைசிச் சண்டையில் நிலைமை தலைகீழ். பிடிபட்ட வேகமான எதிரிக் கப்பல் ஒன்றைப் பார்த்துக் கட்டிய கப்பல்கள் ரோமிடம் இருந்தன. வேண்டாத பாரத்தை இறக்கிவிட்டு, பொறுக்கியெடுத்த வீரர்களை மட்டும் ஏற்றியிருந்தார்கள். தானிய மூட்டைகளும் பயிற்சியில்லாத ஆட்களுமாகத் திணறியது கார்த்தேஜ்தான். ஒரே நாளில் தோற்று, சிசிலியை விட்டுக்கொடுத்துச் சமாதானம் கேட்டது. அன்று மூழ்கிய கப்பல்களின் வெண்கல முட்டுமுனைகளை அந்தக் கடலடியிலிருந்து ஆய்வாளர்கள் இன்றும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.